படியேறிய நாலாம் ஆள்

வாடகைக்கு எடுத்த அந்த மோட்டர்ஹோமில் இருந்தவர்கள்:

சீமோன், ஓட்டியவர். கனடாவில் பிறம்ரனில் சாமான் ஏற்றி அமெரிக்கா முழுக்க ட்ரக் ஓடி, முதுகு விட்டுப்போனதால் போன வருஷம் நிறுத்தியவர்.

பேர்ணடெற், அவருடைய மனைவி. முன்கண்ணாடியில் செபமாலையைத் தொங்கவிட்டது அவர்தான்.

றெபேக்கா, ஒரே மகள். ரொறன்ரோவில் பிறந்தவள். பயணம் அவளுடைய யோசனை.

வேறு ஒருவரும் இல்லை. உப்பு வெளிக்கு வந்து சேரும்வரை இல்லை.

அப்பா அமெரிக்கப் பாலைவன இடங்களை எல்லாம் நெடுஞ்சாலையில் இருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார், ஒருமுறையாவது இறங்கி நிற்கட்டும் என்றாள் றெபேக்கா. அது உண்மைதான். சிவப்புப் பாறை வளைவுகளைத் தாண்டி எத்தனையோ தரம் ஓடியவர், அவற்றின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. மணல் மேட்டில் தாயும் மகளும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அவர் வாகனத்தின் நிழலில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நல்ல நாட்கள். பிறகு நினைத்தபோது, அவை வேறு யாருக்கோ நடந்தவை போலிருந்தன.

உப்பு வெளிக்கு வந்தது, இறந்தவர்களுக்குச் செபிக்கும் ஆத்துமாக்கள் திருநாள் அன்று, நடு மத்தியானம். கடலில்லாத ஆனையிறவு உப்பளம் மாதிரிக் கிடந்தது அந்த இடம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. பறக்க ஒரு பறவை இல்லை, மொய்க்க ஒரு இலையான்கூட இல்லை. வெயிலில் உப்பு வெடிக்கிற நொறுநொறுப்பு மட்டும் காலடியில் கேட்டுக்கொண்டிருந்தது.

வாகனம் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் கற்களைக் குவித்து மூடிய ஒரு பிரேதக்குழி இருந்தது. இரண்டு பலகையை ஆணியடித்துச் சிலுவை. பேர் எழுதியிருந்தாலும் அதைக் காற்றுத் தின்றிருக்கும்.

"ஐயோ பாவம்," என்றார் பேர்ணடெற். "இண்டைக்கு எல்லாருக்கும் மெழுகுதிரி எரியும். இதுக்கு ஒண்டும் இல்லை."

வருஷாவருஷம் இந்த நாளில் அவர் சேமக்காலைக்குப் போவார். சொந்தக்காரரின் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தித் தீர்த்தம் தெளித்த பிறகு, யாரும் வராத ஒரு கல்லறையைத் தேடிப்பிடித்து அதற்கும் செய்வார். செய்யாமல் வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"அம்மா, ப்ளீஸ். டோன்ட். ஆரெண்டே தெரியாது."

"அதுதான் பிள்ளை. ஆருமில்லாத ஆத்துமாவுக்குத்தான் செபிக்கோணும்."

"உமக்கு உலகத்தில இருக்கிற பிரேதம் எல்லாம் சொந்தம்," என்று சீமோன் சிரித்தார். "சரி, தீர்த்தத்துக்கு எங்க போவீர்?"

"நீங்கள்தானே வெளிக்கிடேக்க ரயருகளுக்கு ஊத்தி முடிச்சனீங்கள்!"

பேர்ணடெற் மகளின் கையில் இருந்த அவளுடைய நீலத் தண்ணீர்ப் போத்தலை வாங்கினார். அதன்மேல் தானே சிலுவை வரைந்து, கற்களில் ஊற்றினார்.

கல் நனையவில்லை.

இன்னும் ஊற்றினார். தண்ணீர் கல்லில் படுவது தெரிந்தது. ஈரம் மட்டும் எங்கும் இல்லை.

"பாருங்கோவன், என்ன தாகம்," என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, "வேணுமெண்ட மட்டும் குடியுங்கோ," என்றும் சொன்னார்.

அடியில் ஒரு வாய் மிஞ்சியது. றெபேக்கா போத்தலைத் திரும்ப வாங்கி அதைக் குடித்தாள். வெயில் அப்படி.

அந்த வாகனத்தின் பக்கக் கதவுப் படியில் ஒருவர் கால் வைத்தால் முழு வாகனமும் ஒருதரம் தாழ்ந்து எழும்பும். சீமோன் ஓட்டும் இருக்கையில் இருந்தார். பேர்ணடெற் ஏறினார், தாழ்ந்தது. றெபேக்கா ஏறினாள், தாழ்ந்தது. கதவைச் சாத்தும் முன் இன்னொருதரம் தாழ்ந்தது.

"ஆர் இறங்கி ஏறினது?"

"ஒருத்தரும் இல்லையே," என்றார் பேர்ணடெற்.

அன்று பின்னேரம் தண்ணீர்த் தாங்கி வெறுமை என்று காட்டியது. காலையில்தான் நிரப்பியிருந்தார். சீமோன் கீழே படுத்துப் பார்த்தார். ஒழுக்கு இல்லை, மண் காய்ந்து கிடந்தது. வழியில் நின்ற இடமெல்லாம் நிரப்பினார். நிரப்பியது நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கக் குழாய்க்குள் ஒரு சத்தம் கேட்கும். காற்று என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். காற்று அப்படி மிடறு மிடறாக விழுங்காது.

மூன்றாம் நாள் றெபேக்காவின் உதடு வெடித்தது. குடித்தபடியே இருந்தாள், தாகம் அடங்கவில்லை. அவளைச் சுற்றி வெயிலில் காய்ந்த உப்பின் மணம். கனடா எல்லையில் காவலர் மூன்று பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நாலாவது எங்கே என்று கேட்டார்.

மூன்று பேர்தான் என்றார் சீமோன்.

காவலர் இன்னொருதரம் பார்த்தார். பிறகு அவசரமாகப் போகச் சொன்னார்.

ரொறன்ரோவில், மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. நகரம் முழுக்க ஈரம். றெபேக்கா மட்டும் காய்ந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பை வழமையைவிடக் கெதியாக வற்றுகிறதே என்று தாதி குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்சம் தேறியதும், ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க ஜனவரியில் ஒரு நாள் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஜனவரி வரை அவள் இருக்கமாட்டாள் என்பது சீமோனுக்குத் தெரிந்தது. கட்டிலில் கிடந்து அழுதாள், கண்ணீர் வரவில்லை. அந்த நீலப் போத்தலை மட்டும் கையில் இருந்து விடவில்லை.

"அப்பா, கட்டில்ல ஆரோ இருக்கினம்," என்று முணுமுணுத்தாள். "மேக் தெம் லீவ்."

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை பள்ளமாகத் தாழ்ந்திருந்தது.

சுவாமியாரைக் கூப்பிட்டார்கள். அவர் செபித்துக்கொண்டு நின்றபோதே கதவடியில் மாட்டியிருந்த தீர்த்தக் கிண்ணம் அவருடைய கண்ணுக்கு முன்னால் வற்றியது. சுவாமியார் செபத்தை முடித்தார். கோட்டைப் போட்டார். தேத்தண்ணி குடிக்காமலே வெளிக்கிட்டார்.

மோட்டர்ஹோமைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் பேர்ணடெற் குசினியில் இருந்து ஒரு பெரிய குடத் தண்ணீரும் இரண்டு ரம்ளரும் எடுத்து வந்தார்.

"இஞ்சேருங்கோ. அதைக் குடியுங்கோ எண்டு சொன்னது நான். கூப்பிட்டவள்தான் கூட்டிக்கொண்டு போகோணும்."

"எங்க?"

"மோட்டர்ஹோமுக்குள்ள. நான் ஏறி இருந்து கூப்பிடுறன். அது ஏறினதும் வெளியால பூட்டுங்கோ. பிள்ளை எழும்பித் தண்ணி கேக்காமல் சோறு கேக்கும் மட்டும் திறக்காதேங்கோ. நான் கத்தினாலும்."

"நீர் விசர்க்கதை கதைக்கிறீர்."

"அப்ப வேற கதை ஒண்டு சொல்லுங்கோ."

சீமோன் ஆணியில் தொங்கிய மோட்டர்ஹோம் திறப்பை எடுத்தார்.

"உமக்கு என்ன நடக்கும்?"

"எனக்கு என்ன, நான் கலியாணமும் கட்டி, பிள்ளையும் பெத்து, பாலைவனமும் பார்த்திட்டன்." சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிப்போனது. "அது ஏறினது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"தாழும்," என்றார் சீமோன். "ரெண்டாவது தரம் தாழ்ந்த உடனை பூட்டுவன்."

வீட்டு முன்கதவை விரியத் திறந்து வைத்தார்கள், அது வெளியே வருவதற்கு. பேர்ணடெற் குடத்தோடு போய் ட்ரைவ்வேயில் நின்ற மோட்டர்ஹோமில் ஏறினார்.

வாகனம் தாழ்ந்து எழும்பியது.

ஒன்று.

சீமோன் திறப்பைப் பிடித்தபடி மழையில் நின்றார். உள்ளே ரம்ளரில் தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது.

"வாங்கோ," என்றார் பேர்ணடெற் உள்ளிருந்து. "வந்து குடியுங்கோ."

நனைந்து கறுத்துக் கிடந்த ட்ரைவ்வேயில், வீட்டு வாசலுக்கு முன்னால், ஒரு காய்ந்த அடையாளம் விழுந்தது.

வெறுங்கால் ஒன்றின் அளவு.

பிறகு இன்னொன்று.

மழை விழுந்துகொண்டே இருந்தது. அந்த இடங்கள் நனையவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவரைக் கடந்து, மோட்டர்ஹோமின் படியடிக்கு வந்தன. உப்பு மணம் மூக்கை அடைத்தது. சீமோன் வழிவிட்டு ஒதுங்கினார்.

இரண்டு காலடிகளும் படிக்கு முன்னால் சேர்ந்து நின்றன.

"வந்திட்டுதோ?" என்றார் பேர்ணடெற். கதவால் அவருடைய கை நீண்டு ஒரு ரம்ளர் தண்ணீரைப் படியில் ஊற்றியது.

படி நனைந்தது.

தண்ணீர் விளிம்பால் வழிந்து தரையில் சொட்டியது. அது குடிக்கவில்லை.

சீமோன் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உப்பு வெளியில் ஊற்றியது பேர்ணடெற்றின் கைதான். தண்ணீர் றெபேக்காவினுடையது. மிச்சத்தைக் குடித்து, அதோடு ஒரே போத்தலில் வாய் வைத்தவளும் அவள்தான். அது வந்தது கூப்பிட்டவளுக்காக அல்ல, தண்ணீரைப் பங்கிட்டவளுக்காக.

காலடிகள் திரும்பின.

"இல்லை," என்றார் சீமோன். "இல்லை, இஞ்ச வாங்கோ. இஞ்ச!"

வீட்டுப் பக்கமாக விழுந்த அடையாளங்கள் இப்போது தூரத் தூர விழுந்தன. ஓடுகிற காலடிகள். அவரும் ஓடினார். முதுகில் ஏதோ அறுந்து, ட்ரைவ்வேயில் முழங்காலில் விழுந்தார். பின்னால் பேர்ணடெற், "ஏறிட்டுதோ, பூட்டுங்கோவன், பூட்டுங்கோவன்," என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேல்மாடியில் இருந்து, எழுந்து நிற்கக்கூட ஏலாத மகளின் குரல் கேட்டது.

"அப்பா?"

முன்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.