சின்ன ரூமில் இருப்பவள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஒரு வாரம் தெம்பனிஸில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, அமலா தன் வீட்டுக்குத் திரும்பிய அன்று நல்ல மழை. சனிக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். தேக்கா சந்தைக்குப் பக்கத்துப் புளோக்கில் ஒன்பதாம் மாடி. லிஃப்டில் ஆட்டிறைச்சி வாடையும் மல்லிகைப்பூ வாசமும் சேர்ந்தே மேலே வந்தன. அது எப்போதும் வருவதுதான். நடைவழி ஈரமாக இருந்தது. இரும்புக் கேட்டில் அவள் போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்கியது.

கதவைத் திறந்து பையைக் கீழே வைத்தாள். "வந்துட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. யாரிடம் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஹாலும் சமையலறையும் பெரிய அறையும் விட்டுப்போனபடியே கிடந்தன. சின்ன அறையின் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

ஒற்றைக் கட்டிலில் விரிப்பு கசங்கியிருந்தது. தலையணையின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள்.

அமலாவுக்கு உடனே பயம் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. பதினோரு வருஷமாக அந்த விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

சிங்கப்பூரில் கல்யாணமாகாதவர்களுக்கு முப்பத்தைந்து வயதானால்தான் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடு கிடைக்கும். இருவர் சேர்ந்தும் வாங்கலாம். அமலாவும் இனியாவும் அந்த வயதுக்காகக் காத்திருந்து, வந்த வருஷமே இந்த மூவறை வீட்டை வாங்கினார்கள். இனியா ஜூரோங் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. அமலா சிராங்கூன் சாலை கிளினிக் ஒன்றில் முன்மேசையில் உட்காருபவள். ஊருக்கு அவர்கள் ஹவுஸ்மேட்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் புருஷன் பொண்டாட்டி போல என்று அமலா ஒருமுறை சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள். "அது என்னா 'போல'? நாம நாமதான்லா" என்று இனியா எரிந்து விழுந்தாள்.

இருவரும் படுத்தது பெரிய அறையில். சின்ன அறை இருந்தது காட்டுவதற்காக.

இனியாவின் அம்மா நாகம்மா செங்காங்கிலிருந்து புறப்பட்டதும் போன் பண்ணுவார். போனை வைத்ததுமே இங்கே, "செட்டு போடு, செட்டு போடு!" என்று ஓட்டம் தொடங்கிவிடும். சின்ன அறையின் விரிப்பைக் கசக்க வேண்டும். தலையணையில் முஷ்டியால் குத்திப் பள்ளம் பண்ண வேண்டும். கொக்கியில் ஒரு ரோஸ் நிற நைட்டி, கட்டிலோரம் அரை கிளாஸ் தண்ணீர், பாதியில் கவிழ்த்து வைத்த சமையல் புத்தகம், தலைமாட்டில் கொஞ்சம் முகப்பவுடர். இனியா நைட்டியைத் தொட மாட்டாள். கைலியும் பழைய டீ-சட்டையும்தான் அவளுக்கு. முட்டை வேகவைக்கத் தெரியாதவளுக்குச் சமையல் புத்தகம் வேறு! "இந்த ரூம்ல இருக்கிற பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. அம்மாவுக்கு அவளத்தான் புடிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நாகம்மா இரவு தங்கினால் இனியா அங்கேயே படுக்க வேண்டியதுதான். அப்போது சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். 'இருக்கேன்' என்று அர்த்தம். பெரிய அறையிலிருந்து அமலா ஒரு தட்டு தட்டுவாள். 'தெரியும்.'

டிவியில் நாடகம் பார்க்கும்போது இனியாவின் வாய் சும்மா இருக்காது. "நம்ம மாதிரி ரெண்டு பேரு கதையில வந்தா என்னா ஆகுது பாரு. ஒண்ணு செத்துப்போகும், இல்லாட்டி பேயா வரும். சந்தைக்குப் போயி மீன் வாங்கினாங்க, வெலைக்குச் சண்ட போட்டாங்க, நல்லா இருந்தாங்கன்னு ஒருத்தனாவது காட்டுறானா?"

"அப்ப நீ செத்தா?"

"பேயாத்தான் வரணும். வேற வேஷம் எவன் குடுக்குறான்?"

பாவி. சொன்ன வாய் ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிடத்திலேயே மூடிக்கொண்டது. மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் தாதி, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது அமலா "ஹவுஸ்மேட்" என்றாள். பத்திரிகையில் வந்த இரங்கல் அறிவிப்பில் அம்மா, தம்பி பிரபாகர், தம்பி மனைவி, பிள்ளைகள் என எல்லாருடைய பெயரும் இருந்தது. கிளினிக் மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு அமலா மூன்று முறை படித்தாள். தன் பெயர் இருக்காது என்று தெரிந்தும் தேடினாள்.

உண்மையான தப்பு அதற்கு மறுநாள் நடந்தது. நாகம்மா விளக்கும் செம்பும் எடுத்து வந்தார். "பதினாறு நாளும் அவ இருந்த ரூம்லதான் வெளக்கு எரியணும். அங்கதான் வந்து தங்குவா. எதும்மா அவ ரூமு?"

அமலாவின் விரல் சின்ன அறையைக் காட்டியது.

அவள் யோசித்துக் காட்டவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் காட்டியது. நாகம்மா அங்கே விளக்கேற்றி, செம்பில் தண்ணீர் வைத்து, மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இனியா, வாம்மா. இதான் உன் எடம். இங்க இரு." அமலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யோ அது இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று இனியா வாங்கியிருந்த சத்தியம் தடுத்தது.

வீடு திரும்பிய அந்தச் சனிக்கிழமை அமலா விரிப்பைத் தட்டிச் சரியாகப் போட்டாள். காரியத்துக்கு வந்த பிள்ளைகள் ஏறிக் குதித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மழை விடவில்லை. பெரிய அறையில் போய்த் தன் பக்கத்தில் படுத்தாள். இனியாவின் பக்கம் காலியாகக் கிடந்தது.

டக். டக்.

சுவரில்.

அமலா மூச்சை அடக்கினாள். சின்ன அறையிலிருந்து மறுபடியும் இரண்டு தட்டு. கையை நீட்டி ஒரு தட்டு தட்டினாள்.

சத்தம் நின்றது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பேயென்றால் பேய், இனியாதானே! திங்களிலிருந்து வேலை முடிந்ததும் எங்கும் நிற்காமல் ஓடி வந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததெல்லாம் சொன்னாள். கிளினிக்கில் ஊசிக்குப் பயந்து ஓடிய கட்டட வேலைக்கார அண்ணனைப் பற்றிச் சொன்னாள். துக்கம் விசாரித்தவர்கள் "நல்ல பிரண்டு போயிட்டாங்க, வேற ஆள வாடகைக்கு வச்சுக்குவீங்களா?" என்று கேட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அழுதாள். புருஷன் செத்தால் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். இவளுக்கு மூன்று நாள் லீவு கேட்கவும் காரணம் இல்லாமல் போயிற்று.

பதிலுக்கு இரண்டு தட்டு வரும். அதற்குமேல் எதுவும் வராது.

"அங்கேயே என்னா பண்றே? நம்ம ரூமுக்கு வாயேன்டி" என்று சின்ன அறை வாசலில் நின்று கெஞ்சினாள். உள்ளே குளிர்ந்து கிடந்தது. யாரும் வரவில்லை.

புதன்கிழமை, செட்டுக்கு வைத்திருந்த தண்ணீர் கிளாஸ் காலியாக இருந்தது.

வியாழக்கிழமை சமையல் புத்தகம் பத்துப் பக்கம் தள்ளிக் கவிழ்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கொக்கியிலிருந்த நைட்டியைத் தொட்டாள். அக்குளில் வியர்வை ஈரம். முகப்பவுடர் வாசம் வந்தது. இனியாவிடம் எப்போதும் அடிக்கும் கோடாலித் தைல வாசம் அதில் துளிகூட இல்லை. அமலாவின் மனசுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று விழித்துக்கொண்டது. வேண்டாம், யோசிக்காதே என்று அதை அமுக்கினாள். தனியாக இருப்பதைவிட இது மேல் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்மதியம் நாகம்மாவும் பிரபாகரும் வந்தார்கள், இனியாவின் துணிமணிகளை எடுத்துப்போக. செட்டு போடும் வேலை அமலாவுக்கு மிச்சம். எல்லாம் ஏற்கெனவே போட்டிருந்தது.

பிரபாகர் பெட்டிகளை ஹாலில் வைத்தான். நாகம்மா சின்ன அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை மடியில் எடுத்து முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார்.

"அமலா."

"ஆன்ட்டி?"

"பதினோரு வருஷம் படுத்த தலகாணில எண்ணெக்கறை இல்ல. எம் பொண்ணு வாசமும் இல்ல. வேற என்னமோ அடிக்குது." அவர் குரல் தாழ்ந்தது. "எங்க இருந்தாம்மா என் புள்ள?"

அமலா சுவரைப் பார்த்தாள். சத்தியத்தை நினைத்தாள். பாவம், கூப்பிட்ட இடத்தில் வந்து மாட்டிக்கொண்டு, சொந்தப் படுக்கைக்கு வர முடியாமல் கிடக்கிறாளே என்று நினைத்தாள். சத்தியத்தைக் காப்பாற்றினால் இனியா காலத்துக்கும் இங்கேயேதான் கிடப்பாள்.

"இது அவ ரூம் இல்ல ஆன்ட்டி. இதுல யாருமே இருந்ததில்ல. நீங்க வருவீங்கன்னு சும்மா வச்சிருந்தது. அவ… எங்கூட இருந்தா. அந்த ரூம்ல. இருவது வருஷமா அவளும் நானுந்தான்."

"அக்கா, இப்ப எதுக்கு இதெல்லாம்?" பிரபாகர் ஹாலிலிருந்து சீறினான். "செத்தவங்கள அசிங்கப்படுத்தாதீங்க. அம்மா, எந்திரிங்க, போவோம்."

"நீ வாய மூடு" என்றார் நாகம்மா.

அவர் எழுந்து பெரிய அறைக்குப் போனார். இரட்டைக் கட்டிலின் வலப்பக்கத் தலையணையை, யாரும் காட்டாமலே, எடுத்து முகத்தில் அழுத்தினார். தோள்கள் குலுங்கின. பிறகு பூஜை மாடத்து விளக்கை எடுத்து வரச் சொல்லி, அந்தப் பக்கத்தில் வைத்து ஏற்றினார்.

"இனியா, தப்பான எடத்துல கூப்ட்டுட்டேன்டி. இதான் உன் எடம். வா." மூன்று முறை கூப்பிட்டார்.

அமலாவை அவர் கட்டிக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டுக்கு வெளியே செருப்பு மாட்டும்போது, "வெளிய யார்கிட்டயும் சொல்லிக்காதம்மா" என்றார். லிஃப்ட் வந்து, பிரபாகர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாகம்மா இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"அன்னைக்கு நான் கூப்ட்டப்ப அந்த ரூமுக்கு ஒண்ணு வந்துச்சு. எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு. எம் பொண்ணுதான்னு நெனச்சேன்." அவர் கண்கள் அமலாவைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தன. "அந்தக் கதவப் பூட்டி வை."

அமலா பூட்டினாள். மாலை ஏழரை மணிக்கு இருட்டிவிட்டது. கீழே சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சல், ஊருக்குப் போன் பேசும் ஆண்களின் குரல்கள். அவ்வளவு பேர் நடுவிலும் அவளுக்கென்று ஒருவரும் இல்லை. விளக்கொளியில் தன் பக்கத்தில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கோடாலித் தைல வாசம் வந்தது.

மெத்தை வலப்பக்கம் மெல்ல அமுங்கியது.

அமலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். "வந்துட்டியா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முதுகில் பழகிய கனம் சாய்ந்தது.

டக். டக்.

சுவருக்கு அந்தப் பக்கம். பூட்டிய சின்ன அறையில்.

அமலாவின் சிரிப்பு நின்றது. முதுகில் இனியா இருக்கிறாள். அங்கே தட்டுவது யார்?

நைட்டி போடுகிறவள். சமையல் புத்தகம் படிக்கிறவள். அந்த அறையில் நடந்ததைத் தவிர வேறெதுவும் தெரியாதவள். பதினோரு வருஷமாக இருவரும் சேர்ந்து விரிப்புப் போட்டு, தண்ணீர் வைத்து, இருக்கிறாள் இருக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன அந்த நல்ல பொண்ணு. அம்மா கூப்பிட்டார், வந்துவிட்டாள். போன வாரமெல்லாம் அமலா அழுது அழுது பேசியது இவளிடம்தான்.

டக். டக்.

பழக்கம் பொல்லாதது. பதில் தட்ட அமலாவின் கை தானாகச் சுவரை நோக்கி எழுந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்றிருந்தது. பட்டறையில் வெல்டிங் பொறி பட்டு அந்தக் கட்டைவிரலில் விழுந்த பழைய தழும்பு உரசியது. இறுக்கிப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, அவள் கையைக் கீழே இறக்கியது. அந்தக் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹாலில் சின்ன அறையின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

முகப்பவுடர் வாசம்.

டக். டக்.

இந்த முறை சுவரில் இல்லை. படுக்கையறைக் கதவில். கதவுக்கடியில் விளக்கு வெளிச்சம் விழுந்த சந்தில், ரோஸ் நிற நைட்டியின் ஓரம் அசையாமல் நின்றது.