கொக்கிக்கு அந்தப் பக்கம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இசக்கியப்பன் தன் சுரங்க மேலாளரை, "நாசமாப் போ" என்று வைதான். மேலாளரின் காதில், "உங்கள் அன்புக்கு நன்றி, போய் வருகிறேன்" என்று விழுந்தது. மேலாளர் பதிலுக்கு என்ன சொன்னார் என்பது இசக்கியப்பனுக்குத் தெரியாது. அவன் கேட்டதெல்லாம், "உங்களை மறக்கமாட்டோம்" என்பதுதான். இருவரும் திருப்தியாக இணைப்பைத் துண்டித்தார்கள்.

செவ்வாயில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் இன்சொல்லி பதித்திருந்தார்கள். முதல் குடியேற்றத்தில் யாரோ ஒருவன் ஒரு கடுஞ்சொல் பொறுக்காமல் காற்றுக்குழாயை வெட்டிவிட்ட பிறகு வந்த சட்டம் அது. வானொலியில் போகிற பேச்சையெல்லாம் இன்சொல்லி வாங்கி, இரண்டு விநாடி யோசித்து, பேசியவரின் குரலிலேயே இதமாக்கி அனுப்பும். பேசியவர் அசந்துவிட்டால் மிச்சத்தைத் தானே பேசிக்கொள்ளும். நேருக்கு நேர் பேசும்போதுதான் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. எனவே நேரில் பேசுகிற வழக்கம் மெல்ல நின்றுபோனது.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வடமுனையில் வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இசக்கியப்பன் தன் சாமான்களை வண்டியின் முன்னறை கொள்ளாமல் திணித்துக்கொண்டு கிளம்பினான். ஐம்பது வயதைத் தாண்டியவன். மனைவி இறந்த நாளிலிருந்து இன்சொல்லி இல்லாமல் அவன் எந்த மனிதரோடும் பேசியதில்லை.

பாலையின் நடுவில் ஒரு வண்டி மோட்டார் கருகி நின்றது. அதன் பின்னால் ஒரு டிரெய்லர். பக்கத்தில், விண்ணுடையில், கோமளவல்லி என்றொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளும் வடமுனைக்குக் குடிபோகிறவள்தான். டிரெய்லருக்குள் அங்கே கொண்டுபோகும் முருங்கைக் கன்றுகள் இருந்தன. வண்டியிலிருந்து சூடு வராவிட்டால் சாயங்காலத்துக்குள் அத்தனையும் குளிரில் கருகிவிடும்.

இசக்கியப்பனுடையது நடுத்தர ரக வண்டி. அந்த டிரெய்லர் அதன் இழுவைச் சக்தியின் எல்லை. கொக்கியில் எவ்வளவு பாரம் உட்காருகிறது என்று காட்டும் முள்ளும் எப்போதோ செத்துவிட்டது. இருந்தாலும் பின்பக்கமாக வந்து, டிரெய்லரின் கழுத்தைத் தன் வண்டியின் கொக்கிக் குண்டில் இறக்கிப் பூட்டினான். சூட்டுக்குழாயையும் பேச்சுக்கம்பியையும் செருகினான். கன்றுகளைப் பார்த்துக்கொள்ள அவள் டிரெய்லருக்குள்ளேயே ஏறிக்கொண்டாள்.

கிளம்புமுன் வானொலியில் சொன்னான். "தண்ணி டிரம் எல்லாத்தையும் பின்னால வச்சிருக்கீங்க. வால் கனத்தா வண்டி ஆடும். முன்னால தள்ளுங்க, இல்லன்னா ரெண்டு பேரும் செத்துத் தொலைவோம்."

அவள் கேட்டது: "சிரமமில்லையென்றால், டிரம்களைச் சற்று முன்னால் வைத்தால் அழகாக இருக்கும்."

அவள் இரண்டை நகர்த்தினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. "ரெண்டுக்கு மேல என்னால முடியாது. வேணும்னா நீங்க வந்து தள்ளுங்க" என்றாள்.

அவன் கேட்டது: "ஆகட்டும், பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன கவலை?"

இசக்கியப்பன் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நேரம் மனதுக்குள் வைத்திருந்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

அன்று பகல் முழுவதும் பேசிக்கொண்டே போனார்கள். அவன் தூசியைத் திட்டினான், அவள் அதை ஒரு வர்ணனையாகக் கேட்டாள். அவள் கொட்டாவி விட்டபடி "ம்" கொட்டினாள், அவன் காதில், "இன்னும் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது" என்று விழுந்தது. தன் மனைவி பூமியில் பார்த்த கடலைப் பற்றிச் சொல்வாளே, அதை அவன் இவளிடம் சொன்னான். அதை மட்டும் இன்சொல்லி ஒரு சொல்கூட மாற்றாமல் அனுப்பியது. அப்போது கோமளவல்லி தூங்கிப்போயிருந்தாள். அவள் சார்பில் மிக அழகான ஒரு பதில் வந்தது.

பிற்பகலில் ஒரு நீண்ட இறக்கம். செவ்வாயில் எடைதான் குறையும், ஓடுகிற பொருளின் முரட்டு வேகம் குறையாது. சக்கரங்கள் மண்ணைப் பற்றுவதோ பாதிகூட இராது. டிரெய்லரின் வால் முதலில் லேசாக இடப்பக்கம் போனது. திரும்பி வலப்பக்கம் வந்தது. அடுத்த முறை வண்டியையே பிடித்து உலுக்கியது. இசக்கியப்பன் விசையிலிருந்து காலை எடுத்தான். அவன் பிரேக்கைத் தொட்டால் பின்வண்டி மடிந்து வந்து முன்வண்டியை அடித்துவிடும். டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு. அது உள்ளே, அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஆபத்தில் இரண்டு விநாடி யோசிக்க நேரமில்லை. வண்டி தானாகவே பேச்சை, இன்சொல்லி குறுக்கிடாத கொக்கிக் கம்பிக்கு மாற்றியது.

"ஏம்மா, அந்தச் சிவப்புப் பிடிய இழு."

"எந்தப் பிடி?" தூக்கத்திலிருந்து எழுந்த குரல், கரகரப்பாக.

"கதவுப் பக்கம். மெல்ல இழு. ஒரேயடியா இழுத்தா கவுந்துரும்."

"இழுத்துட்டுத்தான் இருக்கேன். கத்தாதய்யா."

"விட்டுராத."

"விடல. நீ ரோட்டப் பாரு."

ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. இறக்கத்தின் அடியில் வண்டி நின்றது.

அவன் டிரெய்லருக்குள் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றினான். கன்றுகள் பிழைத்திருந்தன. நான்கைந்து தொட்டிகள் உடைந்து மண் சிதறிக் கிடந்தது. கோமளவல்லி அந்தப் பிடியை இன்னும் விடவில்லை.

"டிரம்ம நகத்தலையா?" என்றான்.

"ரெண்டுதான் முடிஞ்சுது. சொன்னேனே."

"எனக்குக் கேக்கல."

"செத்துருவோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உசிரக் குடுத்தாவது தள்ளியிருப்பேன்."

"சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று இருவருக்கும் புரிந்தது. அவளுடைய கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு என்ன சொல்லிக்கொண்டு எடுப்பது என்று தெரியவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு சொல் வெளியே போனால் போனதுதான் என்கிற பயத்தில் மூடிக்கொண்டாள். மிச்ச டிரம்களை இருவரும் சேர்ந்து, மூச்சிரைக்க, பேசாமல் முன்னால் உருட்டினார்கள். கடைசி டிரம்மில் அவள் தோள் அவன் தோளில் இடித்தது. சட்டென்று இருவரும் விலகினார்கள்.

வண்டி கிளம்பியதும் வானொலி உயிர்பெற்றது. "உங்கள் திறமையால்தான் பிழைத்தேன்" என்றது அவள் குரல். இசக்கியப்பனுக்கு நெஞ்சு லேசானது. தன்னை "கத்தாதய்யா" என்று அதட்டியது பயத்தில் வந்த யாரோ, இவள்தான் உண்மையான கோமளவல்லி என்று முடிவு செய்துகொண்டான். "உங்கள் தைரியத்தை நான் மறக்கமாட்டேன்" என்றது அவன் குரல். கொக்கிக்கு அந்தப் பக்கத்தில் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே முடிவுக்கு வந்தாள்.

வடமுனையில் வந்து சேர்ந்த வரிசைப்படிதான் வீடு கொடுத்தார்கள். அடுத்தடுத்த வீடுகள், நடுவில் ஒரே சுவர். தினமும் மாலையில் இருவரும் வானொலியில் பேசினார்கள். குடியிருப்பிலேயே தனிமை இல்லாத இரண்டு பேர் என்று அதிகாரிகள் அவர்களை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் மாலை பொதுக் குழாயடியில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். வேறு யாரும் இல்லை. தண்ணீர் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் தலை நரைத்திருந்ததை அவன் பார்த்தான். அவன் இளைத்திருந்ததை அவள் பார்த்தாள்.

"ம்" என்றான்.

"ம்" என்றாள்.

குடம் பாதிகூட நிறையவில்லை. இரண்டு பேரும் அப்படியே தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுகிற நேரமாகிவிட்டது.