குமுதவல்லியின் ஆறு கிளைகள்

செவ்வாய்க் குடியிருப்பின் காற்றுப் பங்கீட்டு அலுவலகத்தில், குமுதவல்லி வழக்கம்போல் பின்கழுத்துப் பொத்தானை அழுத்தி ஆறு இழைகளானாள். ஆறு திரைகளில் ஆறு கோப்புகள் ஒரே சமயத்தில் நகரத் தொடங்கின. இழைமுறையில் கைகள்தான் ஆறு, மனம் ஒன்றே. அந்த ஒரு மனமும் அன்று அலுவலகத்தில் இல்லை.

மகள் நறுமுகை அன்று மாலைக் கப்பலில் சனியின் நிலவுக்குக் கிளம்புகிறாள். திரும்பி வர இருபது ஆண்டு ஆகும். வழியனுப்ப வருவதாகக் குமுதவல்லி சத்தியம் செய்திருந்தாள். மகளின் பட்டமளிப்புக்கும் இப்படித்தான் சத்தியம் செய்தாள், போகவில்லை. இன்றும் விட்டுப்போய்விடுமோ என்று கலங்கினாள். மனம் ஒன்று என்பதால் அந்தக் கலக்கம் ஆறு கைகளுக்கும் தொற்றி, ஆறு கோப்புகளிலும் விண்ணப்பதாரர் பெயர் நறுமுகை என்றே பதிவானது.

மேலாளர் தணிகைவேல் தலையில் அடித்துக்கொண்டார். மாலைக்குள் கோப்புகள் முடியாவிட்டால் கிழக்குக் குவிமாடத்துக்கு நாளைய காற்று கிடையாது என்றார். கிளைமுறைக்கு மாறச் சொன்னார். கிளை என்பது முழு ஆள். பிரியும் கணம் வரையிலான நினைவெல்லாம் அதற்கும் உண்டு; அதன் பிறகு அதன் மனம் தனி. ஒருத்தியின் குழப்பம் மற்றவளைத் தொடாது. வேலை முடிந்ததும் கிளை கரைந்துவிடும். ‘முடிந்தது’ என்ற ஒரு குறிப்புதான் அசலுக்கு வரும். கிளை கண்டதும் கேட்டதும் கிளையோடு போய்விடும். ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் கிளைக்க உடம்பு தாங்காது.

குமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பியது. கோப்புகளைக் கிளைகளின் தலையில் கட்டிவிட்டு விண்துறைக்கு ஓடிவிடலாம் என்று முடிவு கட்டினாள். முடிவு கட்டிய கையோடு பிரிவறைக்குள் போய்த் தன்னிலிருந்து ஆறு கிளைகளைப் பிரித்தாள். அங்கேதான் பிசகியது.

தலைசுற்றல் தெளிந்து அவள் பிரிவறையை விட்டு வெளியே வந்தபோது ஆறு நாற்காலிகளும் காலியாக இருந்தன. ஒரு கோப்புகூட நகரவில்லை. கிளைகளும் அவள்தானே. மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆளாளுக்கு நினைத்து, ஆறு பேரும் விண்துறைக்கு ஓடியிருந்தார்கள்.

வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கிழக்குக் குவிமாடத்தில் கைக்குழந்தைகள் இருந்தன. கடைசியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள்.

கப்பல் கிளம்பும் நேரத்தில் நறுமுகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். ஆறு அம்மாக்கள் சுற்றி நின்று தலைவாரிவிட்டதாகவும், ஒருத்தி ஊட்டியே விட்டதாகவும், பிறந்ததிலிருந்து இப்படி ஒரு நாள் தனக்கு வாய்த்ததில்லை என்றும் சொன்னாள். குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன.

“ஆறு பேரும் நான்தான் அசல்னு சத்தியம் பண்றாங்கம்மா. நீ எங்க இருக்க?”

“ஆபீஸ்லதான்டி. இன்னும் கொஞ்சம் கோப்பு பாக்கி. முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்.”



“அப்ப நீதாம்மா அசல்” என்றாள் நறுமுகை.