வடிகால் ஓரத்து மண்மேடு

கல்லறைத் திருநாளன்று மட்டும் தோட்டத்து முள்வேலி மத்தியானத்தில் திறக்கும். ஊரடங்குக்குள் செத்தவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்ட பிறகு கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் உயிரோடிருந்தவர்களெல்லாம் வேலிக்குள்ளே, செத்தவர்கள் மட்டும் வெளியே. கொடுத்துவைத்தவர்கள்!

மாடில்டா மெழுகுவத்தியும் சுண்ணாம்பு வாளியுமாக வாசலுக்கு வந்தாள். காவலுக்கு நின்ற அர்ஜுனன் ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்தான். திரும்பி வரும்போது அதைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகிறதா என்று வாளிக்குள்ளும் எட்டிப் பார்த்தான்.

"சுண்ணாம்பு தம்பி. இதையுமா திம்பாங்க?"

"என்னக்கா செய்றது, பாக்கச் சொல்றாங்க லா."

ரப்பர் மரங்கள் முடிந்து ஆற்றுச் சதுப்பு தொடங்குகிற இடத்தில் இருந்தது சுடுகாடு. வேதக்காரர்களுக்கு அதில் ஒரு பக்கம். கப்பலிறங்கிய மாதமே காய்ச்சலில் போன நவமணி, குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி புதைந்த லில்லியன், சயாம் ரயில்பாதையிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி, வீட்டுச் சோற்றை ஒரு வாய் தின்றுவிட்டுச் செத்த பெர்னாட். தோட்டம் தின்ற ஆட்கள் எல்லோருக்கும் ஒரு சிலுவையாவது இருந்தது. அதில் தாரால் எழுதிய பெயரும் இருந்தது.

வடிகால் ஓரத்து மண்மேட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை.

அதில் கிடந்தவன் ராஃபேல், மாடில்டாவின் புருஷன். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தொழிற்சங்கத்தைத் தடை செய்தபோது காட்டுக்குள் போனவன் அவன். ஈப்போவுக்கு வேலைக்குப் போயிருப்பதாக அவள் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தாள். போன வருஷம் ஒரு பிணத்தைப் போலீஸ் நிலைய முற்றத்தில் போட்டு, தோட்டத்து ஆட்களை வரிசையாக வந்து பார்க்கச் சொன்னார்கள். முகம் என்று ஒன்று இல்லை. எல்லோரும் முகம் இருந்த இடத்தையே பார்த்தார்கள். மாடில்டா காலைப் பார்த்தாள். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. மண்வெட்டி பட்டுப் போன விரல், மருந்து வைத்துக் கட்டியவளே அவள்தான்.

இடுப்பில் டொரீன் இருந்தாள், பால் மறக்காத குழந்தை. ஆமாம் என்று சொன்னால் தாயும் பிள்ளையும் அன்றைக்கே லோரி ஏறித் தடுப்பு முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

"இந்த ஆள எனக்குத் தெரியாதுங்க தொரை" என்றாள்.

அவனைப் புதைத்தபோது ஒரு பிடி மண் போட நாதியில்லை. சொந்தக் கை மண் விழாதவன் குழியில் அடங்கமாட்டான் என்பார்கள். அந்த ஒரு பிடியை யாரும் பார்க்காமல் போட்டுவிடத்தான் அவள் வந்திருந்தாள். மாமியார் கல்லறை பக்கத்திலேயே இருந்தது, வசதியாகப் போயிற்று.

சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்தார். வீட்டார் பெயரைச் சொல்ல, தீர்த்தம் தெளித்து ஜெபித்தார். மாடில்டா குனிந்து மண்ணை அள்ளினாள். நிமிர்ந்தபோது எதிரே, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லையா நின்றார். துரைக்குக் கோள் சொல்லியே வயிறு வளர்த்த மனுஷன்.

சாமியார் மேட்டருகே நின்றார். "இது யாரு? பேரச் சொன்னா ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போறேன்."

மண்டோர் அவள் வாயையே பார்த்தார். "என்ன மாடில்டா, ஒனக்குத் தெரிஞ்சவனா?"

"எனக்கென்னங்க தெரியும்?"

காற்றே இல்லை. மற்ற மெழுகுவத்திகள் நேராக எரிந்தன. மாமியார் கல்லறையில் மேட்டுப் பக்கமாக அவள் ஏற்றியது மட்டும் படுத்துப் படுத்து எழுந்தது, யாரோ பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி.

அந்த முற்றத்து வாடை அடித்தது. வெடிமருந்தும் காய்ந்த ரத்தமும்.

மாடில்டா வாளியை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். கல்லறை மண்ணைக் கையோடு கொண்டுபோகக் கூடாதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் அவள் மறந்துவிட்டாள்.

பின்னால் சருகு நொறுங்கியது.

நின்றாள். அதுவும் நின்றது.

வாசலில் அர்ஜுனன் வில்லைகளை வாங்கி எண்ணினான். முகம் மாறி மறுபடி எண்ணினான். "அக்கா, வில்லை சரியா இருக்கு. ஆள்தான் ஒண்ணு கூடுது. ஒங்க பின்னாலயே வந்தாரே, யாரு அவரு?"

"யாருமில்ல தம்பி. நான் தனியாத்தான் வந்தேன்."

"கையில என்ன?"

விரித்தாள். மண்ணைக் காணோம். உள்ளங்கைக்குக் குறுக்கே ஈரமாக விரல் தடங்கள் இருந்தன, யாரோ இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டதுபோல. அவை அவள் விரல்களைவிடப் பெரியவை.

மறுநாள் விடியலில் லயத்து வாசலில் சேற்றுக் கால்தடம் கிடந்தது. வலது தடத்தில் சுண்டுவிரல் இல்லை. கழுவிவிட்டாள். அடுத்த நாளும் கிடந்தது. வேலி இருந்த வருஷமெல்லாம் கழுவினாள். "யார் காலும்மா?" என்று டொரீன் கேட்டபோதெல்லாம், "யாரோடதோ" என்றாள். என்ன செய்ய, பக்கத்து வீட்டுக்கும் காது இருந்ததே!

ஒருவழியாக அவசரகாலம் முடிந்தது. வேலியைப் பிரித்தார்கள். செல்லையாவும் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் மாடில்டா, ராஃபேல் என்று எழுதிய சிலுவையோடு, டொரீன் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு முன்னால் போய் நின்றாள். இனி எவனுக்குப் பயப்பட வேண்டும்?

"யாரும்மா இது?" என்றார் புதுச் சாமியார்.

"என் புருஷன் சாமி. ராஃபேல்." அத்தனை வருஷத்து அழுகையும் பீறிட்டது. ஒரு பிடி மண்ணை அள்ளி மேட்டின்மேல் போட்டாள்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மெழுகுவத்தி படுத்தது. டொரீன் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

மண்ணுக்கடியிலிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல் நிதானமாகச் சொன்னது.

"இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாதுங்க சாமி."

தீர்த்தம் தெளிக்க ஓங்கிய கையைச் சாமியார் இறக்கிக்கொண்டார். மாடில்டா மெல்லக் கையைப் பார்த்தாள். போட்ட மண் அவள் கையிலேயே இருந்தது.