ஐந்து நட்சத்திர அலறல்

"தர்வத்...!"

நெர்மின் போட்ட கத்தலில், தலை நிறைய சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தான் தர்வத்.

"என்ன... என்ன ஆச்சு? யார் செத்தாங்க?"

"இன்னும் யாரும் சாகல. சீக்கிரம் சாகப் போறாங்க. இதைப் படி!"

அவள் நீட்டிய செல்போனை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். மூடிய கண்ணில் சோப்பு.

ஜனவரி விடுமுறை. கல்யாணமாகி இருபது வருஷம். நைல் நதிக்கரையில் நாலு நாள் தங்க, மூன்று சாயங்காலமாய் அந்தக் கெய்ரோ ஃப்ளாட்டில் விடுதி தேடிக்கொண்டிருந்தார்கள். அஸ்வான் என்பதில் சண்டை இல்லை. அஸ்வானில் எங்கே என்பதில்தான்!

தர்வத்துக்கு நகரத்துப் பெரிய ஹோட்டல். லிஃப்ட் உண்டு. காலையில் முப்பது வகைச் சாப்பாடு.

நெர்மினுக்குக் கிராமத்து விடுதி. மண்சுவர், திண்டு, காலடியில் தண்ணீர். தீவில் இருந்த 'வெள்ளைப் பாய்' அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் 'ரிப்பேர் வேலை... மூடியிருக்கிறோம்' என்று போட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது மேற்குக் கரையின் 'நீல மாடம்'. அதற்கு யாரோ விதாத் என்ற பெண் ஒரு வாரத்துக்கு முன் எழுதிய விமர்சனம்தான் இப்போது தர்வத்தின் கையில்.

'ஐந்து நட்சத்திரம்! கதவுகள் அவ்வளவு உறுதி, உள்ளே வந்தவர் வெளியே போகவே முடியாது. ஜன்னலில் அழகான இரும்புக் கம்பி. பதினோரு நாளாக வெளியே காலே வைக்கவில்லை. கவனிக்கிற பையன் என்னை விட்டு ஒரு நிமிஷம் நகர்வதில்லை. சூரியன் நதிக்கு அப்பால் மறைவதைப் பார்த்தபடி, நீல மாடமே கதி என்று இருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள். கூட்டமாக வாருங்கள்!'

தர்வத் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதே! இது விமர்சனம் இல்ல. ஒரு பொம்பளை உதவின்னு கத்தறா."

"உனக்கு எதைப் பார்த்தாலும் கத்தற மாதிரிதான் கேக்கும்."

கேட்கத்தான் செய்யும். நெர்மினுக்குப் போலீஸ் அவசர அழைப்புப் பிரிவில் பத்தொன்பது வருஷ வேலை. பக்கத்தில் கத்தியோடு ஒருவன் நிற்கும்போது, பெண்கள் எப்படி இனிக்க இனிக்கப் பேசுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அஸ்வான் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றுக்குப் போன் போட்டாள்.

"மேடம்..." என்றார் அந்தப் பக்கத்து அதிகாரி. "விடுதி மோசம்னா கேஸ் போடலாம். ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதினதுக்கு எந்தச் செக்ஷன்ல போடறது?"

போனை வைத்தாள். நீல மாடத்தில் அறை போட்டாள்.

"லிஃப்ட்..." என்றான் தர்வத், பரிதாபமாக.

"உயிரோட திரும்பினா லிஃப்ட்ல ஏத்தறேன்!"

மூன்றாம் நாள் மத்தியானம் படகிலிருந்து இறங்கினார்கள்.

வரவேற்ற முதலாளி பக்ரி, அந்த மண்ணின் பூர்வகுடியான நூபியன்; நல்ல உயரம். வாய் கொள்ளாத சிரிப்பு. கையில் செம்பருத்திப் பூ போட்ட சிவந்த கர்கதே பானம்.

"வாங்க வாங்க! நல்ல வேளை, கடைசி ரூம் உங்களுக்கு. இந்த வருஷம் அப்படியொரு கூட்டம்!"

"விதாத்னு ஒருத்தங்க இங்க...?"

பக்ரியின் சிரிப்பு ஒரு விநாடி மறைந்து திரும்பியது.

"யாரு? தெரியாதே... குடிங்க, குடிங்க!"

நெர்மின் கணவனின் விலாவில் இடித்தாள். பார்த்தியா?

மறுநாள் காலை ஆறு மணி.

மாடியின் கோடியில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. கையில் கொண்டை ஊசியோடு நெர்மின். பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி தர்வத். பூனை நடை... மூலையில் திரும்பினார்கள்.

அங்கே ஏற்கெனவே ஓர் உருவம் பூட்டைக் குடைந்துகொண்டிருந்தது!

"யாருய்யா நீ?" நெர்மின் சீறினாள்.

உருவம் துள்ளித் திரும்பியது. வெள்ளை மீசை. கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"உஷ்! நான் கர்னல் ஷுக்ரி. ரிடையர்ட். அலெக்ஸாண்ட்ரியா. உள்ளே ஒரு பொண்ணை அடைச்சு வச்சிருக்காங்கம்மா..."

"விதாத்தா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. தன்தா ஊரிலிருந்து வந்த மூன்று டீச்சரம்மாக்கள், ஆளுக்கொரு பூரிக்கட்டையோடு!

"விதாத்தைக் காப்பாத்தவா?" என்றாள் முதல் டீச்சர். "வரிசையில வாங்க. நாங்க முந்தாநாளே வந்துட்டோம்!"

பூட்டு 'டக்' என்று விட்டது. எல்லோரும் ஒரே பாய்ச்சலாய் உள்ளே விழுந்தார்கள்.

உள்ளே... வெங்காய மூட்டைகள்!

"இந்த வாரத்துல இது அஞ்சாவது பூட்டு," என்றது வாசலில் ஒரு சோகமான குரல். பக்ரி.

கர்னல் அவன் சட்டையைப் பிடித்தார். "விதாத் எங்கேடா?"

"சத்தியமா தெரியாதுங்கய்யா! அப்படி யாரும் இங்க தங்கவே இல்ல. யாரோ விளையாட்டுக்கு எழுதினாங்கன்னு நெனைச்சேன். அழிக்கச் சொல்லலாம்னு பார்த்தா... அன்னிக்கே நாலு ரூம் புக் ஆச்சு! ஒரு வாரத்துல எல்லா ரூமும்! வந்தவங்க அத்தனை பேரும் காப்பாத்த வந்தவங்க. தோட்டத்துல குழி தோண்டிப் பார்க்கறாங்க. ஆனா சாப்பாட்டை ஒரு குறை சொல்றதில்ல."

தர்வத் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீச்சரம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நெர்மினுக்கு அழுகை முட்டியது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு குரலைக்கூட அவள் தவறாகக் கேட்டதில்லையே... மொட்டைமாடிக்குப் போய் நின்றாள்.

எதிரே தீவு. தீவின் முதுகிலிருந்து சூரியன் மெல்ல எழுந்தது. நதி முழுக்கத் தங்கம்.

நெர்மின் விறைத்தாள்.

"பக்ரி! இங்க சூரியன் எங்கே மறையும்?"

"பின்னாடி, மணல்மேட்டுலம்மா."

"நதிக்கு அப்பால் இல்லையே?"

"நதிக்கு அப்பால் மறையறதைப் பார்க்கணும்னா அந்தத் தீவுலதான் இருக்கணும்."

"அங்கேர்ந்து பார்த்தா என்ன தெரியும்?"

"என் விடுதிதான். நீல மாடமும், பேர்ப் பலகையும் பளிச்சுனு..." பக்ரியின் வாய் திறந்தபடி நின்றது.

"அவ இருக்கற இடத்தை எழுதலய்யா! பார்க்கற இடத்தை எழுதியிருக்கா! நேர் எதிர்ல என்ன இருக்கு?"

"வெள்ளைப் பாய் விடுதி. அம்மா... அதோட முதலாளியம்மா பேரு விதாத்! மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருக்காங்கன்னு அவங்க அண்ணன் மகன் ஹில்மி சொன்னான்... நானும் நம்பிட்டேனே!"

கர்னல் மீசையை முறுக்கினார். "எத்தனை படகு இருக்கு?"

மூன்று இருந்தது. கர்னல் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, தன் பதவியை மூன்று முறை சொன்னார். இந்த முறை போலீஸ் கிளம்பியது.

"போலீஸ் வர அரை மணி ஆகும். சும்மா போனா சந்தேகப்படுவான்," என்றாள் நெர்மின். "கல்யாணக் கோஷ்டி மாதிரி போவோம். யாருக்குக் குலவை போட வரும்?"

டீச்சரம்மாக்கள் போட்ட குலவையில் கொக்குகள் கூட்டமாய்ப் பறந்தன! பக்ரி பறை மேளத்தைத் தட்டினான். இருபத்திரண்டு பேர் மூன்று படகில். தர்வத் மாப்பிள்ளையாய் நடுவில் நின்று ஆடினான்... லிஃப்டை மறந்தே போனான்.

வெள்ளைப் பாயின் படித்துறை. கம்பி போட்ட மேல்மாடி ஜன்னலில் ஓர் ஆண் முகம் எட்டிப் பார்த்தது. மறைந்தது.

அடுத்த கணம்...

"ஐயோ...!"

உள்ளேயிருந்து அலறல்! தடால் என்று ஏதோ விழும் சத்தம். தாமதித்துவிட்டோமா?

"உடைங்க கதவை!"

கர்னல் தோளைக் கொடுத்தார். ஓடிவந்து மோதினார். அவர் மோதும் நேரத்தில் கதவு தானாய்த் திறந்தது. நேரே போய் சோபாவில் விழுந்தார்.

வாசலில் அறுபது வயது அம்மாள் ஒருத்தி. கலைந்த முக்காடு. கையில் பெரிய சாவி. மேலேயிருந்து கதவை அறையும் சத்தம்... "அத்தை! திறங்க அத்தை!"

"நீங்க... விதாத்தா?"

"நானேதான். மூணு வாரமா அந்தப் பய எனக்கு முதுகு காட்டினதே இல்லம்மா. இன்னிக்கு உங்க குலவையைக் கேட்டு ஜன்னலுக்கு ஓடினான். நான் கதவுக்கு ஓடினேன். சாவி வெளிப்பக்கம் தொங்குச்சு. ஒரே திருகு! பாய்ஞ்சு வந்தவன் கதவுல மோதி அலறிட்டு விழுந்தான்!"

"எதுக்கு அடைச்சு வச்சான்?"

"விடுதியை அவன் பேருக்கு எழுதித் தரணுமாம். இன்னிக்குக் கையெழுத்துப் போடலேன்னா ஆத்துல தள்ளுவேன்னான். எங்க விடுதிக்கு வர்ற கேள்விக்கெல்லாம் 'ரிப்பேர்'னு பதில் எழுத, தினம் பத்து நிமிஷம் போன் தருவான், பக்கத்துலயே நின்னு. 'எதிர்க்கடைக்காரன் பாவம், ரெண்டு வரி பாராட்டறேன்'னு கேட்டேன். படிச்சுப் பார்த்தான். பாராட்டுத்தானே... விட்டுட்டான்!"

நெர்மின் அந்த அம்மாளை இறுகக் கட்டிக்கொண்டாள். இப்போது அழுகை தாராளமாக வந்தது.

"குரல் கேட்டுச்சும்மா... எனக்குக் கெய்ரோ வரைக்கும் கேட்டுச்சு!"

விதாத் கண்ணைத் துடைத்தாள். கூட்டத்தை ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். நாற்பது வருஷ விடுதிக்காரியின் முகம் மலர்ந்தது. மேஜைக்குப் பின்னால் போய் நின்று, பேரேட்டைத் திறந்தாள்.

"சரி, உக்காருங்க எல்லாரும். யாருக்கு என்ன ரூம் வேணும்? ஆத்தைப் பார்த்த ரூமா...?"

மேலே கதவு மறுபடி அதிர்ந்தது.

"...இல்ல, என் அண்ணன் மகனைப் பார்த்த ரூமா?"