டாம்சின் ராஸுக்கு ஒரு நாற்காலி

மார்வென்னா மூன்று மணிக்கே வந்துவிட்டாள். கையில் குங்குமப்பூ கேக், அக்குளில் சுருட்டிய கறுப்புத் துணி. பின்னாலேயே ஹெஸ்டர், சூப் பாத்திரத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். தோழிகள் இருவரும் செருப்பைத் துடைத்து, என் கன்னத்தில் முத்தமிட்டு, நேரே சமையலறைக்குப் போய்விட்டார்கள். முப்பது வருஷமாக அவர்கள் இந்த வீட்டுக்கு வருவது இப்படித்தான்.

"இருட்டுறதுக்குள்ள முடிச்சிடணும்டி," என்றாள் ஹெஸ்டர். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. வண்டிய நேரா கடல்ல இறக்கிடுவேன். அப்புறம் அடுத்த வருஷம் எனக்கும் ஒரு நாற்காலி போடணும்."

நான் சிரித்திருக்க வேண்டும். முகம் அசையவில்லை. மே மாதத்திலிருந்து எனக்கு எதுவுமே முகம் வரை வந்து சேர்வதில்லை. அழுகையும் அப்படித்தான். மனசு மரத்துப்போனால் நல்லது என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் அப்படி இருந்து பார்க்கட்டும்.

அன்று அக்டோபர் கடைசி நாள், 'சாவின்' என்கிற பண்டிகை. சர்ச்சுக்கு முந்தைய பழைய வழியில் நிற்கிற எங்களுக்கு ஆண்டு முடிகிற நாள். அந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்திருந்தால், செத்தவருக்கும் ஒரு நாற்காலி போட்டு மௌன விருந்து வைப்போம். இங்கிலாந்தில், கார்ன்வாலின் இந்தக் கரையோரத்தில் எங்கள் கூட்டம் மொத்தமே பதினோரு பேர்; மேசைக்கு நெருங்கியவர்கள் மட்டும்தான்.

செத்தது என் கணவர் டென்ஸில். அந்தப் பெயரில் அவரை யாருக்கும் தெரியாது. டாம்சின் ராஸ் என்றால் தெரியும். டிராகன்களும் பேசும் மரங்களும் மூன்று முகத் தேவியும் வருகிற பதினாறு தடித்த நாவல்கள், எல்லாவற்றின் அட்டையிலும் அந்தப் பெயர். வாசகர்கள் அவரைப் பெண் என்றே நினைத்தார்கள். கல்யாணமான புதிதில் சர்ச் மயானத்தில் நடந்துகொண்டிருந்தபோது, பாசி பிடித்த ஒரு கல்லில் அந்தப் பெயரைப் பார்த்தார். டாம்சின் ராஸ், வயது பத்தொன்பது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பெயர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

"கேக்காம எடுக்கறீங்களே," என்றேன்.

"அவளுக்கு இனிமே எதுக்குப் பேரு?" என்றார்.

நாங்கள் இருவரும் அதற்குச் சிரித்தோம். இருபத்து நாலு வயதில் மயானத்தில்கூடச் சிரிப்பு வரும்.

அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் டாரட் என்கிற குறிசொல்லும் சீட்டுக்கட்டைக் கலைத்து ஒரு சீட்டை எடுப்பார். அதை டைப்ரைட்டர் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அந்தச் சீட்டு சொல்வதை எழுதுவார். முட்டாள் வந்தால் யாராவது பயணம் கிளம்புவார்கள். கோபுரம் வந்தால் கோட்டை இடியும். மேல்மாடி அறையிலிருந்து நாளெல்லாம் டக்டக்கென்று சத்தம் வரும். டீ வேண்டுமென்றால் கைத்தடியால் தரையில் மூன்று தட்டு. கீழே சமையலறையில் நான் கெட்டிலை வைப்பேன். நாற்பது வருஷம் இதுதான் எங்கள் குடித்தனம்.

கடைசி நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்த சீட்டு, தீர்ப்பு. தேவதை எக்காளம் ஊத, பெட்டிகளைத் திறந்துகொண்டு செத்தவர்கள் கைதூக்கி எழுகிற படம். பெயர்தான் தீர்ப்பு, அதன் பொருள் அழைப்பு என்பாள் மார்வென்னா. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவது.

எங்களவர்களைப் புதைக்கும்போது அவரவர் டாரட் கட்டும் கூடவே போகும். டென்ஸிலோடு எழுபத்தேழு சீட்டுகள்தான் போயின. எழுபத்தெட்டாவது டைப்ரைட்டர் மேலேயே இருந்தது. எடுத்துவரச் சொன்னார்கள். என்னால் அந்தப் படியை ஏற முடியவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அவர் செத்துக் கிடந்த நாளுக்கு முந்தைய இரவு எங்களுக்குள் சண்டை. என் தங்கையின் பிறந்தநாளுக்கு வரமாட்டேன், கடைசி அத்தியாயம் இருக்கிறது என்றார். பதினாறு புத்தகத்தில் ஒன்றைக்கூட எனக்குச் சமர்ப்பித்ததில்லை, மலைக்கும் ஓடைக்கும் செத்துப்போன பூனைக்கும் சமர்ப்பித்த மனுஷன். எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"போங்க, போய் உங்க டாம்சினோடயே குடித்தனம் பண்ணுங்க," என்றேன்.

அவர் மாடிக்குப் போனார். படுக்கைக்கு வரவில்லை.

காலை ஏழு மணிக்கு நான் கண்விழித்தபோது மேலே டைப்ரைட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோபம் தணியவில்லை. பத்து மணிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மேலே மூன்று தட்டு.

நான் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று.

ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

மதியம் போனபோது தலையை டைப்ரைட்டர் மேல் சாய்த்துக் கிடந்தார். ஹெஸ்டர் ஓய்வுபெற்ற நர்ஸ். ஓடிவந்து, என்னை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவரைக் குளிப்பாட்டி உடுத்தினாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். கூப்பிட்ட குரலுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் அதை விழுங்கிக்கொண்டு இருந்தேன். மௌன விருந்துக்கு நான் ஒத்துக்கொண்டது இதற்காகத்தான். செத்தவரிடம் கேட்க நினைப்பதை மனசுக்குள் கேட்கலாம். பதில் ஏதாவது வழியில் வரும் என்பார்கள். நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. தட்டியது உதவிக்காகவா, டீக்காகவா?

ஹெஸ்டர் மேசையைச் சுற்றி உப்பு தூவினாள். எனக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, மார்வென்னா கறுப்புத் துணியால் மூடினாள். எத்தனையோ தடவை செய்தது என்றாலும் முறைகளை ஒருமுறை சொன்னாள். பேசக்கூடாது. அந்த நாற்காலியைப் பார்க்கக்கூடாது. சாப்பாடு தலைகீழ்: முதலில் கேக், பிறகு இறைச்சி பொதிந்த பேஸ்டி, கடைசியில் சூப். வருகிறவரின் பெயரை நெருங்கிய உறவு தனியாகப் போய் எழுதி, மடித்து, அவர் தட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். முடிந்ததும் கதவைத் திறந்து அதே பெயரை மூன்று முறை சொல்லி அனுப்பிவைக்க வேண்டும்.

"அனுப்பலேன்னா விருந்தாளி வீட்டு ஆளாயிடுவாங்க," என்றாள். அதை எப்போதும் சொல்வாள்.

நான் கூடத்துக்குப் போய் எழுதினேன். ஆறு மாதமாக வாசகர்களின் அனுதாபக் கடிதங்களுக்குப் பதில் எழுதியபடியே இருந்தவள் நான். நானூறு கடிதம் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே பெயர். கை தானாக அதையே எழுதியது. மடிக்கும்போது பார்த்தேன். கிழித்துப்போட்டு வேறு தாள் எடுக்க அலுப்பாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தானே என்று மடித்து வைத்துவிட்டேன்.

உட்கார்ந்தோம். ஜன்னலில் மூடுபனி வந்து ஒட்டிக்கொண்டது. நான்கே முக்கால் இருக்கும், வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மெழுகுவத்திகள் நேராக எரிந்தன. மூன்று கிழவிகள் கேக் மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

டென்ஸிலின் பைப் புகையிலை வாசனை வரும் என்று காத்திருந்தேன். அது வந்தால் போதும் என்று இருந்தது.

வந்தது வேறு வாசனை. நனைந்த கம்பளி. அதற்குள் ஈரக் களிமண்.

ஹெஸ்டரின் ஃபோர்க் பாதியில் நின்றது. பிறகு மெல்ல வாய்க்குப் போனது.

எதிரே நாற்காலி லேசாக முனகியது. டென்ஸில் உட்கார்ந்தால் அந்த நாற்காலி அலறும். இது பூனை ஏறினது மாதிரி.

நான் தட்டையே பார்த்தேன். கேள்வியை மனசுக்குள் கேட்டேன்.

மேலே மூன்று தட்டு.

மார்வென்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. நான் எழ முயன்றிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. உட்காரவைத்தாள். பேஸ்டி சாப்பிட்டோம். சூப் குடித்தோம். முறையை முடித்தே ஆக வேண்டும். நடுவில் எழுந்தவர்களின் கதைகள் எங்களிடம் உண்டு.

முடிந்ததும் மார்வென்னா கதவைத் திறந்தாள். "டென்ஸில், வந்ததுக்கு நன்றி, போய்ட்டு வா," என்று மூன்று முறை சொன்னாள். குளிர்ந்த பனி உள்ளே வந்தது. எதுவும் வெளியே போன மாதிரி இல்லை.

நான் துணியை எடுத்தேன். நாற்காலியில் தீர்ப்புச் சீட்டு கிடந்தது. மாடியில் இருந்த சீட்டு. ஓரங்கள் நனைந்திருந்தன. மேசையில் அவருக்கு வைத்த கேக்கின் கிரீமில் ஒரு விரல் வழித்த தடம். ஒல்லியான விரல். டென்ஸிலின் விரல் பேஸ்டி பருமன்.

அதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டியது, நான் போகாதது, ரேடியோ. அவரைக் கொன்றது நான்தான் என்றேன். சொல்லும்போதும் குரல் மளிகைச் சாமான் ஒப்பிக்கிற மாதிரிதான் வந்தது.

ஹெஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்குத் தட்டுச்சுன்னு சொன்ன?"

"பத்துக்கு."

"லவ்டே," என்று என் பெயரைச் சொன்னாள். "நான் வந்து தூக்கினப்போ உடம்பு கட்டையா வெறச்சுக் கெடந்துச்சு. ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கே போய்ட்டாரு. தனியாக் கெடந்தாரேன்னு நீ உருகிப்போவேன்னுதான் டாக்டரும் நானும் சொல்லல."

ஏழு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த டைப்ரைட்டரை நினைத்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் கூண்டில் நின்றவளுக்கு விடுதலை. சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. டீக்கும் கூப்பிடவில்லை, சாவுக்கும் கூப்பிடவில்லை. அதுதான் மனசில் நின்றது.

மார்வென்னா எப்போது தட்டைத் தூக்கினாள் என்று தெரியவில்லை. மடித்த தாளைப் பிரிக்காமல்தான் எரிக்க வேண்டும். அவள் பிரித்திருந்தாள்.

"என்னடி எழுதி வச்சிருக்க?" என்றாள், மூச்சுக் குரலில். "இது அந்த மனுஷன் பேரு இல்லையே. இது கல்லுல இருக்கறவ பேரு."

"ரெண்டும் ஒண்ணுதானேன்னு..."

"புத்தகத்துக்கு ஒண்ணு. செத்தவங்களுக்கு எப்படிடி ஒண்ணாகும்?"

மேலே மூன்று தட்டு.

திறந்த கதவு திறந்தபடியே கிடந்தது. மூவரும் கூரையைப் பார்த்தோம்.

மார்வென்னா சரியான பெயரைச் சொல்லி அனுப்ப வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பெயர் மாறி வந்தவர்களை எழுதிக் கூப்பிட்டவளேதான் சொல்லி அனுப்ப வேண்டும், அதுதான் முறை. விடிந்த பிறகு, வெளிச்சத்தில், வாசலில் நின்று மூன்று முறை சொல் என்றாள். தங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று இருவரும் கெஞ்சினார்கள். நான் போகவில்லை. தைரியம் இல்லை, அலுப்புதான்.

காலையில் கதவைத் திறந்துவைத்து நின்றேன். பனியில் எதிரே இருக்கிற மயானத்துச் சுவர்கூடத் தெரியவில்லை.

"டாம்சின் ராஸ், வந்ததுக்கு நன்றி, போய்ட்டு வா," என்றேன்.

இரண்டாம் முறையும் சொன்னேன்.

அப்போது மேலே டைப்ரைட்டர் ஓடத் தொடங்கியது.

மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட சத்தங்கள் என் கரண்டியும் குழாயும் மட்டும். ஒரு மனுஷி தன் கரண்டிச் சத்தத்தை எத்தனை நாள் கேட்பாள்? மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் இதுவும் நின்றுவிடும்.

கதவைச் சாத்தினேன். கெட்டிலை வைத்தேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு படியேறினேன். டீயை அறை வாசலில் வைத்து, கதவைத் தட்டாமல் இறங்கிவிட்டேன். மதியம் போய்ப் பார்த்தால் கோப்பை காலி. பிடியில் ஈர மண். அதற்குப் பிறகு தினமும் மூன்று தட்டு கேட்டதும் டீயோடு படியேறினேன்.

மார்வென்னா ஃபோனில் கேட்டபோது மூன்று முறையும் சொல்லிவிட்டேன் என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய்.

இன்று டிசம்பர் பன்னிரண்டு. நேற்று சத்தம் நின்றது. கோப்பையை எடுக்கப் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலி காலி, இருக்கை நனைந்திருந்தது. பக்கத்தில் நாவல் முழுதாக, ஓரம் சீராக அடுக்கி இருந்தது. மேலே தலைப்புத் தாள். டாம்சின் ராஸ். இந்த முறை அதை எழுதியவளின் சொந்தப் பெயர். அதற்கு அடுத்த தாளில் ஒரே ஒரு வரி.

தட்டியபோது வந்த லவ்டேக்கு.

நின்றபடியே அதைப் படித்தேன். கன்னம் ஈரமானது. ஏழு மாதத்தில் முதல் முறை. அடுக்கியபடியே வைத்துவிட்டு, எழுதுகிறவளுக்கு உதவும் என்று டைப்ரைட்டரில் புதுத் தாள் ஒன்று செருகிவிட்டு இறங்கினேன்.

இந்தக் குறிப்பை இத்தோடு முடிக்க வேண்டும். மேலே தட்டுகிறாள்.