எதிர் நாற்காலி

மழைக்குப் பயந்து மாடிப்படி ஏறியவள் குடையை உதறியதுதான் தாமதம்... மேலிருந்து இறங்கியவன் கையிலிருந்த வரைபடச் சுருள் நனைந்தே போயிற்று.

"கண்ணு தெரியலையா?"

"பின்ன, குடையை உள்ள கொண்டு போயா உதறுவாங்க?"

வேலைக்குச் சேரும் முதல் நாளே வம்பை விலைக்கு வாங்கியாயிற்று! பாவம், அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் காலியாக இருந்த ஒரே நாற்காலி அவனுக்கு எதிரில்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இருவர் எதிரெதிரே உட்காரும் பெரிய மேஜை அது. ஒருவர் வரைந்ததை மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் வெளியே போகும். நான்கு மாதம் முன்புவரை அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவனுடைய அண்ணன். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவனோ நிமிரவே மாட்டான். அழுது ஓய்ந்த கண்கள்... அவன் குனிந்திருக்கும்போதெல்லாம் அவற்றைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்தே மனசைப் பறிகொடுத்தாள்.

ஒரு சாயங்காலம் முதலாளி வந்தார். "நாளையிலேர்ந்து நீ ஜன்னலோர தனி மேஜைக்குப் போயிடும்மா. அவன்தான் மாத்தச் சொன்னான்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். அன்று அவன் வரைந்து, சரிபார்க்க அவள் பக்கம் நகர்த்திய தாளை விரித்தாள். படுக்கையறைக்கு நாலு சுவர், ரெண்டு ஜன்னல்... கதவைக் காணோம்!

முதலாளியிடம் காட்டினால் அவன் மானம் கப்பலேறிவிடும். மனசு வரவில்லை. எதிர்ப்பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

"இந்த ரூமுக்குள்ள எப்படிங்க போறது? ஜன்னல் வழியா குதிச்சா?"

அவன் முகம் வெளிறியது. "பதினோரு வருஷத்துல இப்படி ஒரு தப்பு பண்ணதில்ல..."

"இன்னிக்கு மட்டும் என்னவாம்?"

"கடைசி நாளாச்சேன்னு... நீங்க குனிஞ்சப்பல்லாம் உங்களையே பாத்துட்டிருந்தேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்புறம் ஏங்க என்னை மாத்தச் சொன்னீங்க?"

"அந்த நாற்காலியைப் பாத்தா முன்னெல்லாம் அண்ணன் ஞாபகம்தான் வரும். இப்ப... நீங்க வர அஞ்சு நிமிஷம் லேட்டானா கை ஓட மாட்டேங்குது. அதுக்குள்ள அவனை மறந்துட்டேனேன்னு, என் மேலயே வெறுப்பா இருக்கு."

"மறக்கச் சொல்லி நான் கேட்டேனா?" அவள் நாற்காலியை மேஜையோடு நெருக்கி இழுத்துப்போட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இந்த எடத்தை விட்டு நான் போகமாட்டேன். அவரைப் பத்தி சொல்லுங்க... எல்லாத்தையும் சொல்லுங்க."

வெளியே அன்றும் மழை, விடுவதாக இல்லை. அவன் நிமிர்ந்து, முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

"அண்ணன்... வரையும்போது பென்சிலைக் கடிச்சே தீத்துடுவான்" என்று ஆரம்பித்தவன், மேஜைமேல் கவிழ்ந்து அழுதான். அவள் கை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.